கறுப்புக் கோட்டின் முதுகு

கோட்டின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டினால்தான் போட்டுவிடலாம் என்று இறந்தவர்களை உடுத்தி வைக்கிற அந்த மண்டபத்து வெள்ளைக்காரப் பெண் சொன்னாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டுத்தான் அனுமதி கேட்டாள். முன்னால் நின்று பார்க்கிற எவருக்கும் தெரியாது, எல்லாருக்கும் இப்படித்தான் செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் மெதுவாக விளங்கப்படுத்தினாள்.

நிரூபா மேசையில் கிடந்த தகப்பனைப் பார்த்தாள். மூளையில் வந்த கட்டிக்குக் கொடுத்த மருந்து கிறிஸ்துநாயகத்தை முகம், கழுத்து, தோள் என்று எல்லாப் பக்கமும் ஊத வைத்திருந்தது. வால் வைத்த அந்தக் கறுப்புக் கோட்டைப் போன நவம்பரில் அவர் போட்டபோது பொத்தான் தாராளமாகப் பூட்டியது. இப்போது ஒரு கையைக்கூட உள்ளே விட முடியவில்லை. நிரூபா தலையாட்டினாள். தடித்த துணிக்குள்ளால் கத்தரிக்கோல் போகிற சத்தத்தைக் கேட்க அவளால் முடியவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரில் ஏப்ரல் மாதத்தை ஒவ்வொரு கட்டமாக வாசித்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவுக்கு இதைச் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள். நேற்றுத்தான் அம்மா அந்தக் கோட்டை ஈரத்துணி போட்டு அயன் பண்ணினார். முன்பக்கத்தை நாலு இழுப்பில் முடித்துவிட்டு முதுகோடு வெகுநேரம் மினக்கெட்டார். அம்மா வேரோனிக்காவுக்கு அந்தக் கோட்டில் பழக்கமான பக்கம் அதுதான். ஒப்பேராவில், அந்த மேலைநாட்டுப் பாட்டு நாடகத்தில், கிறிஸ்துநாயகத்தைப் போல இசை நடத்துகிறவரின் முகம் முழுவதும் வாத்தியக்காரருக்கும் பாடுகிறவர்களுக்கும் போய்விடும். சபையில் இருக்கிறவர்களுக்கு முதுகு மட்டும்தான் மிச்சம். முப்பது வருடத்துக்கு மேலாக வேரோனிக்கா நல்ல சேலை உடுத்து, டவுன்டவுன் வரைக்கும் ரெயினில் போய், புருஷனின் முதுகைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

பிற்பகல் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். டொரொன்டோவின் அஜின்கோர்ட்டிலிருந்தும் பக்கத்து ஊரான மார்க்கத்திலிருந்தும் சனம் வந்தபடியே இருந்தது. வாகனம் விட இடமில்லாமல் பக்கத்துப் பிளாசாவில் விட்டுவிட்டு மழைக்குள்ளால் நடந்து வந்து, வாசலில் சப்பாத்தைத் துடைத்துத் துடைத்துக் கால்மிதியே ஊறிப்போயிற்று. செபமாலை சொல்லி முடிந்தது. நாளைக்குத்தான் கோயிலில் பூசையும் அடக்கமும். பூசைக்குள் ஒப்பேராப் பாட்டெல்லாம் பாட முடியாது என்று சுவாமி சொல்லிவிட்டபடியால், பாட்டும் பேச்சும் இன்றைக்கு இந்த மண்டபத்திலேயே என்று ஒழுங்கு. இன்று பின்னேரம் பெட்டியை மூடினால் பிறகு திறப்பதில்லை.

ஒழுங்கெல்லாம் கிளிபோட் சித்தப்பாவுடையது. கிறிஸ்துநாயகத்தின் ஒரே தம்பி. முன்னமே கனடாவுக்கு வந்து, தமையனைக் கூப்பிட்டு, தன் ஒற்றை அறை அப்பார்ட்மென்டில் வைத்திருந்து, அவர் இங்கே இசை படித்து முடிக்கும்வரை இரண்டு ஷிப்ட் வேலை செய்த மனிதர். ஒப்பேராவில் அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அண்ணை நடத்திய எதையும் தவறவிட்டதில்லை. இரண்டாவது அங்கம் தொடங்க நித்திரையாகி, முடியும்போது எழும்பி முதல் ஆளாகக் கை தட்டுவார். இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்கிரீனை நிறுத்தி, அது நேராக நிற்கிறதா என்று தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது எதுக்கு, சித்தப்பா? படங்கள் போடுறது அந்தச் சின்ன டீவீயிலதானே?" என்று நிரூபா கேட்டாள்.

"படம் இல்லை, பிள்ளை. வீடியோ." சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "தியேட்டர்க்காரரோட கதைச்சு எடுத்தனான். உன்ர அப்பாவை முன்னுக்கிருந்து பிடிச்சது. நவம்பர் மாசத்து ஷோ. அந்த அமைதி வாற பாட்டு இருக்கெல்லோ, அந்த இடம். வீடியோவில அவர் காட்ட, எங்கட கொயர்ப் பிள்ளையள் அதைப் பாத்து இஞ்ச பாடப்போகுதுகள்."

நிரூபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தப்பா அவள் தோளில் தட்டிவிட்டு, அழாதை பிள்ளை என்றார்.

மேடையில் பாடுகிறவர்கள் எந்நேரமும் கீழே வாத்தியக்காரரின் பள்ளத்தில் நிற்கிற மனிதரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காதலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுகிறவனின் கண் வேறெங்கோ இருக்கும். அதனால் இசை நடத்துகிறவருக்கு முன்னால் ஒரு சின்னக் கமராவைப் பூட்டி, அவருடைய முகத்தையும் கையையும் மேடையின் இரண்டு பக்கத்திலும், சபைக்குத் தெரியாத இடத்தில், டீவீயில் காட்டுவார்கள். சத்தம் கிடையாது, முகம் மட்டும். மேடைக்குப் பின்னால் நிரூபாவின் முன்னாலும் அப்படி ஒரு டீவீ இருந்தது. அவள் அந்த ஒப்பேராக் கம்பனியில் உதவி மேடை மனேச்சர். இருட்டுக்குள் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்கும் திரைக்கும் நேரம் பார்த்து "ஸ்டாண்ட் பை", "கோ" என்று சொல்வது அவளுடைய வேலை.

தகப்பன் அதே கம்பனியில் இசை நடத்துகிற முதன்மை ஆளாக வந்தது அறுபது வயதில். அதற்கு முன்னர் பெரிய கம்பனி ஒன்றில் இருபது வருடம் உதவியாளர். ஒத்திகை முழுவதும் அவர் நடத்துவார்; முதல் நாள் இரவு வேறொருவர் பூங்கொத்து வாங்குவார். கடைசி நாட்களின் ஷோ மட்டும் அவருக்கு விடுவார்கள். கலியாண வீடுகளில் சனம் கேட்கும், மேடையில் வாயும் திறக்காமல் வாத்தியமும் தொடாமல் நிற்கிற ஒரே ஆளுக்கு என்னத்துக்கு ஐயா சம்பளம் என்று. அவர் சிரித்துவிட்டு புரியாணியைச் சாப்பிடுவார். சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. வகுப்பில் முதல் அரை மணித்தியாலம் பாட்டே இல்லை. எல்லாரையும் கண்ணை மூடி நிற்க வைத்து, ஒன்றாக மூச்செடுக்கப் பழக்குவார். "என்னைப் பாக்காதேங்கோ. பக்கத்தில நிக்கிற ஆளின்ர மூச்சைக் கேளுங்கோ. பாட்டு அங்கதான் தொடங்குது" என்பார். பிறந்ததிலிருந்து மூச்சுவிடுகிற பிள்ளைக்கு இதற்கொரு வகுப்பா என்று தாய்மார் முணுமுணுத்தார்கள். ஆனாலும் சனிக்கிழமைகளில் கொண்டுவந்து விட்டார்கள்.

போன நவம்பரில் அந்தப் பிள்ளைகளில் இருபது பேரை அவர் தன்னுடைய ஒப்பேராவின் கோஷ்டியில் சேர்த்தார். கடைசி அங்கத்தில் ஊர்ச்சனம் கடற்கரையில் வராத கப்பலுக்காகக் காத்து நிற்கும். பெண்கள் ஒரு நீளமான சுரத்தில் வந்து நிறுத்துவார்கள். வாத்தியமும் நின்றுவிடும். ஒரு சின்ன இடைவெளி. பிறகு அவருடைய இடது கை எழும்ப, எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து எடுக்கவேண்டும்.

முதல் நாள் இரவு அந்தக் கை எழும்பவில்லை.

நிரூபா டீவீயில் பார்த்தாள். அப்பாவுக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. முன்னாலிருந்த தாளைப் பார்த்தார். அதிலும் அவருக்கு வேண்டியது இருக்கவில்லை. வலது கை நெஞ்சளவில் அப்படியே நின்றது. கடையில் தாயைத் தவறவிட்ட பிள்ளையின் முகம் அது. அவள் ஹெட்செட்டைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று மனதுக்குள் சொன்னாள். எப்படியோ கோஷ்டி தானாகவே எடுத்துவிட்டது. அப்பாவும் இரண்டு மூன்று வரி கழித்துத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். திரை விழுந்தது.

அடுத்த நாள் ஒரு பெரிய பத்திரிகையில் விமர்சகர் அந்த அமைதிக்கென்றே ஒரு பந்தி எழுதினார். இப்படி ஒரு துணிச்சலான மௌனத்தைத் தான் கேட்டதில்லையாம். அதைப் பிடித்து வைத்திருந்த கைக்குரியவரை இவ்வளவு காலமும் இரண்டாம் வரிசையில் விட்டதற்கு நகரம் வெட்கப்படவேண்டுமாம். அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தார். பாதிப் பாண் துண்டை அப்படியே வைத்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். தோள் நோகிறது என்று மிச்ச நாட்களுக்கு வேறு ஆளைப் போடச் சொன்னார். ஜனவரியில் கட்டியைக் கண்டுபிடித்தார்கள்.

தான் கண்டதை நிரூபா ஒருவருக்கும் சொல்லவில்லை. வேறு எவரும் அதைப் பற்றிக் கதைக்கவுமில்லை. அதனால் தான் மட்டும்தான் கவனித்தேன் என்று நம்பியிருந்தாள். அப்பாவுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பெரிய புகழ் அந்த அமைதிக்குத்தான். அது என்ன அமைதி என்று அந்த முகம் சொல்லிவிடும். அந்த முகத்தைத்தான் இப்போது ஆள் உயர ஸ்கிரீனில், முந்நூறு சனத்துக்கு முன்னால், யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் நேரலையில் காட்டப்போகிறார்கள்.

"சித்தப்பா, உந்த வீடியோ வேண்டாம்."

"ஏன்?"

"அப்பாவுக்கு உதெல்லாம் விருப்பமில்லை."

"விருப்பமில்லை எண்டு அவர் இனி எழும்பி வந்து சொல்லப்போறாரே?" என்றார் கிளிபோட். சொன்ன பிறகு கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். "உன்ர அப்பா என்ன வேலை செய்யிறார் எண்டு இந்தச் சனம் என்னட்டக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு, பிள்ளை. எனக்கும் விளங்கப்படுத்தத் தெரியேல்லை. ஒருக்கா முகத்தைக் காட்டுவம். பாக்கட்டும்."

"சித்தப்பா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

"காரணத்தைச் சொல்லு, நிப்பாட்டுறன்."

அவளிடம் காரணம் இருந்தது. அதைச் சொன்னால் வீடியோவைக் காட்டியதற்குச் சமம்.

"அதோட, இது என்ர வேலை மட்டுமில்லை. கொம்மாதான் இந்தப் பாட்டுத்தான் வேணுமெண்டு கேட்டவ" என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்த சுவாமியைக் கூட்டிவரப் போய்விட்டார்.

வேரோனிக்கா முதல் வரிசைக் கதிரையில் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தார். நிரூபா அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள்.

"அம்மா, நீங்களே அந்த வீடியோவைக் கேட்டனீங்கள்?"

"ஓம்."

"ஏனம்மா?"

"அவற்ற முகத்தைப் பாக்கோணும்."

"வீட்டில பாத்த முகம்தானே?"

"வீட்டில பாத்தது வேற."

"இண்டைக்கு வேண்டாம் அம்மா. பிறகு நானும் நீங்களும் தனிய இருந்து பாப்பம்."

வேரோனிக்கா மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நிரூபா நினைத்தாள். அதற்குள் றிச்மண்ட் ஹில்லிலிருந்து வந்த மனிசி ஒருத்தி குனிந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள். அவளுடைய ஈரக் கோட்டுக்குள் அம்மா மறைந்துபோனார்.

ஸ்கிரீனுக்குப் பின்னால் ஜதுர்சன் லப்டொப்போடு நின்றான். செத்தவீட்டு நேரலைகளெல்லாம் இந்தப் பக்கத்தில் அவன்தான் செய்வது. கறுப்புச் சேட்டும் காதில் ஒரு சின்ன மைக்கும்.

"வீடியோவில ஒரு இடத்தை வெட்டேலுமோ? ஒரு கொஞ்சம்தான்" என்று நிரூபா கேட்டாள்.

"வெட்டினா கொயர் அவுட் ஆகிடும், அக்கா. லைக், அவை வீடியோவைப் பாத்துத்தான் பாடினம். நான் கீபோர்டோட சிங்க் பண்ணி டெஸ்ட் எல்லாம் செய்திட்டன்." அவன் தயங்கினான். "கிளிபோட் அங்கிள் ஓம் எண்டா நான் முழுக்க ஸ்கிப் பண்ணுறன். அவர்தான் என்னை புக் பண்ணினது. சொறி அக்கா."

பாடுகிறவர்கள் பக்கத்து அறையில் கோட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். யதுஷா சுவரோரமாக நின்று தண்ணீர் குடித்தாள். பத்து வயதிலிருந்து அப்பாவின் வகுப்பில் நிற்கிறவள். இப்போது நேர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள். நிரூபா அவளைத் தனியாக இழுத்தாள்.

"வீடியோவோட ப்ரக்டிஸ் பண்ணினனீங்களோ?"

"ஓம் அக்கா. நேற்று."

"முழுக்கவோ?"

"முழுக்க." யதுஷா போத்தலின் மூடியைப் பூட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அந்த இடம் வரேக்க என்ன செய்தனீங்கள்?"

"அண்டைக்குச் செய்ததைத்தான்."

நிரூபா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் அக்கா. டீவீ எங்கட முகத்துக்கு நேரதானே இருந்தது. கீழ வயலின்காரருக்கும் தெரியும். எங்களுக்குக் கீபோர்ட் வாசிக்கிற சீமோன் மாஸ்டருக்கும் தெரியும். அவர் அண்டைக்குப் பள்ளத்தில பியானோவில இருந்தவர்."

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே."

"என்னத்தைச் சொல்லுறது?" என்றாள் யதுஷா. "அடுத்த சனிக்கிழமை எங்கட சேர் வகுப்புக்கு வந்தவர். பாட்டே எடுக்கேல்லை. முழு நேரமும் மூச்சுத்தான். போகேக்க கதவடியில நிண்டு ஒவ்வொருத்தருக்கும் தாங்க்ஸ் எண்டார். எங்களுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. சேர் ஒரு நாளும் தாங்க்ஸ் சொல்லுற ஆளில்லை."

நிரூபாவுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

"உங்களுக்குத் தெரியும், சரி. வந்திருக்கிற சனத்துக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. அவ பின்னுக்கு இருந்து கோட்டைத்தான் பாத்தவ."

யதுஷா யோசித்தாள். "ஸ்கிரீன் நிண்டாலும் நாங்கள் பாடுவம், அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நிரூபாவுக்குச் செய்யவேண்டியது தெரிந்துவிட்டது. ஸ்கிரீனுக்கு மின்சாரம் வருகிற வயர் சுவரோரமாகப் போய், பூவளையங்களுக்குப் பின்னால் ஒரு பிளக்கில் முடிந்தது. பெண்கள் அந்த நீளமான சுரத்துக்கு வரும்போது அதை இழுத்துவிட்டால் போதும். பாட்டு நிற்காது. இப்படியான இடங்களில் ஸ்கிரீன் நிற்பது வழமைதான், சனம் ஜதுர்சனைத் திட்டிவிட்டு மறந்துவிடும். பாவம் அவன். அவள் போய்ப் பூவளையங்களுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தகப்பனின் பெட்டிக்கு அருகே துக்கத்தோடு நிற்கிற மகளாகத்தான் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

கிளிபோட் மைக்கைப் பிடித்தார். தமையன் யாழ்ப்பாணத்துக் குருநகரில் கோயில் ஓர்கன் பழகியதிலிருந்து தொடங்கினார். டொரொன்டோவில் முதல் பனிக்காலத்தில் கையுறையைப் போட்டுக்கொண்டே சமையலறை மேசையில் பியானோப் பழகியதைச் சொன்னார். சனம் சிரித்தது. பிறகு சேட்டுப் பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"வாத்தியம் நிண்டுது. பாட்டு நிண்டுது. ஆயிரம் சனம் மூச்சுவிடாம இருந்தது. வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான், நான் சொல்லேல்லை. அந்த அமைதியைக் கையில பிடிச்சு வச்சிருந்தது ஆர்? எங்கட அண்ணை. இப்ப நீங்களே பாக்கப்போறியள்."

பிள்ளைகள் பெட்டியின் கால்மாட்டில் ஸ்கிரீனைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். சீமோன் மாஸ்டர் கீபோர்டில் விரலை வைத்தார். ஸ்கிரீனில் மங்கலான பச்சை வெளிச்சத்தில் கிறிஸ்துநாயகம் வந்தார்.

மண்டபம் ஒரு தரம் குலுங்கியது. பெட்டிக்குள் கிடக்கிற ஊதிய முகமல்ல இது. கன்னம் ஒட்டிய, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பழைய முகம். கை எழுந்தது. பாட்டு தொடங்கியது. அவர் ஒரு புருவத்தால் யாரையோ கூப்பிட்டார். உதட்டால் ஒவ்வொரு சொல்லையும் பாடாமல் பாடிக்கொடுத்தார். யாரோ ஒரு வாத்தியக்காரனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார். வீட்டில் அவர் இவ்வளவு முகம் காட்டுகிற மனிதரில்லை. சாப்பிடும்போதும் செய்தி பார்க்கும்போதும் ஒரே முகம்தான். இந்த முகத்தை நிரூபா இருட்டில் தினமும் வேலையாகப் பார்த்தவள். அம்மா இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

பெண்கள் அந்தச் சுரத்துக்கு ஏறத் தொடங்கினார்கள். "ஸ்டாண்ட் பை" என்று நிரூபாவின் வாய் பழக்கத்தில் முணுமுணுத்தது. அவள் குனிந்து பிளக்கைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய முகத்தை, பிறகு பூக்களுக்குப் பின்னால் போயிருந்த கையை. வேரோனிக்கா வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார். பிறகு திரும்பிக் கதிரையின் விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து ஸ்கிரீனை நிமிர்ந்து பார்த்தார்.

நிரூபாவின் விரல் பிளக்கிலேயே இருந்தது. இழுக்கவில்லை.

சுரம் நின்றது. கீபோர்டும் நின்றது. ஸ்கிரீனில் கை எழும்பவில்லை.

அந்த முகம் வந்தது. அவர் தாளைப் பார்த்தார். பக்கத்தைப் பிரட்டினார். திருப்பியும் பிரட்டினார். கண் இடமும் வலமும் போய்வந்தது. முந்நூறு சனம் பார்த்துக்கொண்டிருந்தது. கிளிபோட் மைக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பெருமையோடு நின்றவர், தமையனைப் பார்த்தார். முதலில் தலையாட்டினார். பிறகு தலையாட்டுவதை நிறுத்தினார். அவருடைய சிரிப்பு மெதுவாகக் கழன்று விழுந்ததை நிரூபா கண்டாள்.

பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. அந்த நேரத்தில் யதுஷா மூச்செடுத்தாள். சத்தம் கேட்கத்தக்கதாக, மூக்கால். அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் எடுத்தான். அது வரிசையின் கடைசிவரை போனது. இருபது பேரும் கையில்லாமல் ஒன்றாகப் பாட்டை எடுத்தார்கள்.

ஸ்கிரீனில் கிறிஸ்துநாயகம் தலையை நிமிர்த்தினார். அவர் உடனே கையைத் தூக்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அன்றைக்கு நிரூபா பயத்தில் இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்: அவர் கேட்டுக்கொண்டு நின்றார். எதையும் திருத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கேட்கக் கேட்கப் பயம் அவருடைய நெற்றியிலிருந்து இறங்கிப்போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்தது. பிறகு இடது கை மெல்ல எழும்பி அவர்களுடைய பாட்டுக்குப் பின்னால் போனது.

பாட்டு முடிந்ததும் சனம் கை தட்டுவதா, சிலுவை போடுவதா என்று தெரியாமல் இருந்தது. "என்ன ஒரு உணர்ச்சியப்பா" என்று ஒரு அன்ரி பக்கத்து அன்ரிக்குச் சொன்னாள். சிலர் விளங்காமல் அழுதார்கள். சிலர் விளங்கி அழுதார்கள். கிளிபோட் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, பத்திரிகைத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜதுர்சனிடம் போய், "லைவை நிப்பாட்டு தம்பி, காணும்" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீமோன் மாஸ்டர் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

சனம் மெல்லக் கலைந்தது. பெட்டியை மூடுகிற இரண்டு பேரும் கதவடியில் கையைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நிரூபாவும் அம்மாவும் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா, அம்மா?"

"அண்டைக்கு அவர் மூச்சு விடேல்லை" என்றார் வேரோனிக்கா.

"பின்னால இருந்து எப்பிடித் தெரியும்?"

"கோட்டு அசையேல்லை." அம்மா செபமாலையைக் கையிலிருந்து கழற்றினார். "எனக்கு அந்தப் பாட்டுகள் ஒண்டும் விளங்கிறேல்லை, பிள்ளை. கோட்டு ஏறி இறங்கிறதைப் பாத்துக்கொண்டிருப்பன். அதில எனக்கு எல்லாம் தெரியும். எங்க கஷ்டமான இடம், எங்க சுகமான இடம், எந்தப் பாட்டுக்காரி அவருக்கு எரிச்சல் குடுக்கிறாள், எல்லாம். அண்டைக்கு அது நிண்டுபோச்சு. விழப்போறார் எண்டு நினைச்சுக் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"வீட்டை வந்து கேக்கேல்லையோ?"

"கேட்டன். ஒண்டுமில்லை எண்டார். திருப்பிக் கேக்கேல்லை." கழற்றிய செபமாலையை உள்ளங்கைக்குள் சுருட்டினார். "அந்த நேரம் என்ன முகத்தோட நிண்டிருப்பார் எண்டுதான் அண்டையிலயிருந்து எனக்கு யோசினை. பயந்து தனிய நிண்டிட்டாரோ எண்டு."

நிரூபா அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். அம்மா அதைப் பிடிக்க விட்டார்.

"தனிய நிக்கேல்லை" என்றார் வேரோனிக்கா.

கதவடியில் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். அம்மா கையைக் காட்டி அவர்களைப் பொறுக்கச் சொன்னார். "கோட்டு பின்னால மடிஞ்சு கிடக்கும்" என்றார். ஒவ்வொரு ஷோவுக்கும் போகமுன் வாசலடியில் அப்பாவைத் திருப்பி நிறுத்தி, கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு தரம் கையால் தடவிவிடுவது அவருடைய வழக்கம். நிரூபா வேண்டாம் அம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மாவின் கை தலையணைப் பக்கத்தால் அப்பாவின் கழுத்துக்குக் கீழே போய்விட்டது.

கை அங்கே நின்றது.

நிரூபா பூவளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. கை மறுபடி அசைந்தது. வெட்டுப்பட்ட ஒரு ஓரத்தை இழுத்து, மற்ற ஓரத்தையும் இழுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மணிக்கட்டு எட்டுகிற தூரம் வரைக்கும் மெதுவாகத் தடவிவிட்டது. பிறகு கையை வெளியே எடுத்து, அப்பாவின் சேட்டுக் கை நுனியைக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தெரிகிற மாதிரி இழுத்துவிட்டார்.

"சரி" என்றார். "மூடச் சொல்லு."